நாலேகால் மணிக்கு வந்த கடிதம்

தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார், ஆ என்று சொல்லச் சொன்னார், எதற்கு சார் இவ்வளவு பயம், பாடவா போகிறீர்கள் என்றார். ஆமாம் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முன்நெற்றியைப் பார்த்தார். அங்கே ஒரு காலத்தில் முடி இருந்தது, இடது கண்ணை முழுக்க மறைத்துக்கொண்டு, திருச்சி வெயிலில் நெற்றியெல்லாம் வேர்க்குரு போட்டாலும் ஒதுக்கிவிடக் கூடாது என்று ஒரு விரதம் மாதிரி வைத்திருந்தேன் என்றெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா. ஒன்றுமில்லை என்றால் எச்சில் விழுங்கும்போது ஏன் தடுக்கிறது. இதோ இப்போதும். மணி நாலாகப் போகிறது, ஆறரைக்கு மேடை. எழும்பூரில் இந்த அரங்கத்தின் பின்பக்கம், ஒப்பனை அறை என்று தாள் ஒட்டிய அறையில் தனியாக உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். சுற்றிலும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் முப்பத்தொன்பது வயது லெனின் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறான். லெனின் என்பது அப்பா வைத்த பெயர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், சங்கத்தில் தீவிரம். இருபது வயதில் நான் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் கத்துவதைப் பார்த்துவிட்டு இது என்னடா என்றார். எமோப்பா, மனசுல இருக்கறத மறைக்காம பாடறது என்றேன். எமோன்னா யாரு, எமனோட தம்பியா என்று கேட்டுவிட்டு, அழறதுன்னா போனஸ் கேட்டு அழுங்கடா, ஊர் உலகத்துக்குப் பிரயோஜனமா இருக்கும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அம்மாதான் மாடிக்கு மோர் கொண்டுவந்து வைப்பாள். மூன்று டம்ளர். எனக்கு, பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜபருல்லாவுக்கு, டிரம்ஸ் தனிஸ்லாஸுக்கு. அம்மாவைப் பற்றி இப்போது வேண்டாம். வெந்நீர் ஆறிவிட்டது.

வெளியே பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அதன் வழியாகப் பார்த்தால் சுற்றுச்சுவர் ஓரம் வரிசை. எல்லாம் இருபது, இருபத்திரண்டு. நாங்கள் அந்தப் பாட்டையெல்லாம் பதிவு செய்தபோது இவர்களில் பாதிப் பேர் நடக்கப் பழகிக்கொண்டிருந்திருப்பார்கள். நாங்கள் செய்தது ஒரே ஒரு தொகுப்பு. குழுவின் பெயர் ஞாயிறு சாயங்காலம், தொகுப்பின் பெயர் வீட்டுக்குப் போக மனசில்லை. பாலக்கரையில் ஜபருடைய மாமா வைத்திருந்த கல்யாண வீடியோ ஸ்டூடியோவில், சுவரெல்லாம் இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்திவைத்துக்கொண்டு பதிவு செய்தோம். மாமா பக்கத்து அறையில் யாருடைய காதுகுத்தையோ எடிட் செய்வார், நாதஸ்வரம் மெத்தையைத் தாண்டி உள்ளே வந்துவிடும், அவர் டீக்குப் போகும்வரை காத்திருந்து காத்திருந்து ஒன்பது பாட்டு. ஐந்தாவது பாட்டில் உற்றுக் கேட்டால் இன்னமும் ஒரு தவில் இருக்கிறது. முன்னூறு சிடி போட்டோம். நூறு விற்றது, மீதி ஜபர் வீட்டுப் பரணில் கிடந்தது. அப்புறம் நான் வேலைக்குப் போய்விட்டேன், குழு தானாக நின்றுபோனது, யாரும் நிறுத்தவில்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். பத்து வருஷம் கழித்து யாரோ அதை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள், அது பாட்டுக்குப் போயிருக்கிறது, ஈப்போவில் ஒரு பையன், மட்டக்களப்பில் ஒரு பெண், கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டல் முழுக்க. தூக்கம் வராதபோது இதைக் கேட்பேன் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். போன சித்திரையில் இந்த அரங்கத்துக்காரர்கள் ஜபரைப் பிடித்து, ஒரே ஒரு நிகழ்ச்சி, மூன்று பேரும் பழைய தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஜபர் என்னைக் கேட்டான், நான் தனிஸிடம் கேள் என்றேன், தனிஸ் அவன் வந்தா நான் வரேன் என்றானாம். இதோ வரிசையில் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கையைத் தூக்குகிறாள், முழங்கைக்குக் கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி. படிக்க முடியாத தூரம். படிக்க வேண்டியதில்லை, எந்த வரி என்று எனக்குத் தெரியும், எல்லோரும் குத்திக்கொள்வது அந்த ஒரு வரியைத்தான். நான் எங்கயும் போகல, இங்கயேதான் இல்லாம இருக்கேன்.

கிட்டாரை எடுத்து மூன்றாவது தந்தியை மறுபடி சரிபார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு முன்பும் சரியாகத்தான் இருந்தது. வெயினி கேட்டதிலிருந்து இப்படித்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வெயினி என் மகள், பதின்மூன்று வயது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் நான் அறையில் ஆபீஸ் வேலையாக இருந்தேன், கதவில் சாய்ந்து நின்று, அப்பா, இங்கயேதான் பாட்ட நீங்களா எழுதினீங்க என்றாள். ஆமாம்மா என்றேன், திரையைப் பார்த்துக்கொண்டே. பத்தொன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஆமாம். அப்போ உங்களுக்கு அப்படி இருந்துச்சா, இருக்கிற இடத்துலயே இல்லாத மாதிரி? அந்த வயசுல எல்லாருக்கும் இருக்கும்டா. எனக்கும் சில நாள் இருக்குப்பா என்றாள். அதற்கு நான் லேப்டாப்பை மூடினேன். மூடினேன், அதையாவது செய்தேன். பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்கூலில் என்ன, யாரோடு பேச்சு நின்றுபோனது என்று இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன், அவளும் சொன்னாள், அழுதாள், கடைசியில் தோசை வேண்டும் என்றாள், பெரிதாக ஒன்றுமில்லை என்று மூச்சு வந்தது. தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். உங்களுக்கு அப்படி இருந்தப்ப யாருப்பா வந்தாங்க உங்களப் பாக்க? நான் சட்னி எடுக்க எழுந்துபோனேன். சட்னி மேசையிலேயே இருந்தது.

யார் வந்தார்கள். எனக்கு அப்படி இருக்கவே இல்லை, வெயினி. எனக்கு முடி வளர்க்க ஆசை இருந்தது, மேடை ஆசை இருந்தது, சோகமாக இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. சோகம் இருந்தது தனிஸுக்கு. அவனிடம் அது தெரியவே தெரியாது. டிரம்ஸில் உட்கார்ந்தால் சிரித்த முகம், ஒவ்வொரு அடிக்கும் வாயைப் பிளந்துகொள்வான், போட்டோவில் அவன் ஒருத்தன்தான் சிரித்துக் கெடுப்பான். அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள், அக்கா சகாயராணி வீட்டில் இருந்தான். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நாலு தெரு தள்ளி, நடந்தால் பத்து நிமிஷம், சைக்கிளில் மூன்று. மூன்றாம் வருஷம் அவனுக்கு ஆறு பேப்பர் அரியர். விட்டுத்தள்ளுடா என்று நாங்கள் சொன்னோம், அவனும் விட்டுத்தள்ளியாச்சுடா என்றான். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலேஜ் பஸ் ஆர்மரி கேட்டில் இறக்கிவிட்டு நான் வீட்டுக்குள் நுழையும்போது மணி நாலேகால், ரேடியோவில் அந்த நேரத்து நிகழ்ச்சி தொடங்கிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அம்மா, தனிஸ் வந்தான்டா, இதக் குடுக்கச் சொன்னான், டீ போடறேன்னேன், நிக்கவே இல்ல, மொகமே சரியில்ல, என்னன்னு போய்க் கேளு என்று கையில் கொடுத்தாள். லாங் சைஸ் நோட்டில் கிழித்த தாள், நாலாக மடித்தது. நான் சட்டையைக் கூடக் கழற்றாமல் மாடிக்குப் போய்ப் படித்தேன். லெனினு என்று ஆரம்பித்திருந்தான். எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க என்று எழுதியிருந்தான். அக்கா வீட்டில் தன் தட்டு மட்டும் தனியாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தான். அப்புறம் அந்த வரி. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு எதற்கு என்பதைத்தான் பத்தொன்பது வருஷமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். நண்பனுக்கு என்ன ஆயிற்றோ என்று வந்த சிலிர்ப்பு என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. வரி நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு வருஷமாக நான் எழுதிய எதிலும் அப்படி ஒரு வரி இல்லை. கிட்டார் அங்கேயே சாய்த்து வைத்திருந்தது. சும்மா ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். வரி போய் மெட்டில் உட்கார்ந்துகொண்டது, அடுத்ததும் உட்கார்ந்தது. அம்மா கீழேயிருந்து, போனியாடா என்றாள், இதோ போறேன் என்றேன். அஞ்சரைக்கு ஒரு தடவை கேட்டாள், ஏழுக்கு ஒரு தடவை. போய்ட்டு வந்துட்டேன்மா, நல்லாத்தான் இருக்கான் என்றேன். அவள் சமையலறைப் பக்கம் இருந்தாள், நான் படியில் இறங்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. பாட்டு முடிந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் எதைச் சொன்னாலும் பொய். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் நாலைந்து நாள் இருந்திருப்பேன், அதில் அன்றைக்கும் ஒன்று.

காலையில் ஜபர் வந்து சொன்னான். சகாயராணி அக்கா ராத்திரி ஏதோ சந்தேகத்தில் தனிஸின் அறைக் கதவைத் தட்டிப் பார்த்து, அத்தானை எழுப்பி, கதவை உடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டான், பயமில்லை. நான் ஓடினேன். வராந்தாவில் அக்கா உட்கார்ந்திருந்தாள், நைட்டிக்கு மேல் துண்டு, தலை வாரவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, லெட்டர் குடுத்தேன்னு சொல்றானே லெனின், நேத்து மத்தியானமே ஒங்க வீட்டுல குடுத்தேன்னு சொல்றானே, நீ ஏம்ப்பா வரல என்றாள். அவள் திட்டவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன், அது தானாக வந்தது, யோசித்துச் சொன்னதில்லை. அம்மா மறந்துட்டாங்கக்கா, காலைலதான் எடுத்துக் குடுத்தாங்க. ஒரு வினாடி. வாயிலிருந்து வெளியே விழுந்த பிறகு திரும்ப எடுத்திருக்கலாம், அன்றைக்கு எடுத்திருக்கலாம், ஒரு வாரம் கழித்து எடுத்திருக்கலாம். சகாயராணி அக்கா அதன் பிறகு எங்கள் அம்மாவோடு பேசவில்லை. கோயில் தெருவில் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அம்மாவுக்குக் காரணம் தெரியாது. நான் என்னடா பண்ணேன் அந்தப் பொண்ண என்று என்னிடம் கேட்பாள். ஒரு கிறிஸ்மஸுக்கு முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போனாள், தூக்குவாளியோடு அப்படியே திரும்பி வந்தாள், மூடியைக் கூடத் திறக்காமல் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா நின்றாள். நான் ஹாலில் சிடிக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் ஆகிறது அம்மா போய். கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆஸ்பத்திரியில் கூட ஒரு நாள், தனிஸ் நல்லாருக்கானாடா, ராணிக்கு எம்மேல இன்னும் கோவமா என்று. அன்றைக்காவது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

பாட்டைத் திருடினேன் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது மாசம் தனிஸிடமே பாடிக் காட்டினேன், உன் லெட்டருடா, வேணாம்னா வேணாம் என்றேன். அவன் சுவரைப் பார்த்தபடி கேட்டான். நல்லாருக்குடா, போடு, எம்பேரு மட்டும் வேணாம், அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்காது என்றான். எப்ப மெட்டுப் போட்ட என்றான். இப்பதான், போன வாரம் என்றேன். மெத்தை சாத்திய அந்த அறையில் அவனே டிரம்ஸ் வாசித்தான், ஒரே டேக், குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தனியாகக் கரும்புச்சாறு குடித்தான். அட்டையில் வரிகள்: லெனின் என்று அச்சடித்தோம். வெளியீடு முடிந்த அடுத்த மாசம் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, கிடைத்ததும் நான் ஓடினேன், குழு தானாக நிற்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊர் ஊராக அந்தப் பாட்டைப் பாட என்னால் முடியாது என்று தெரிந்துதான் ஓடினேன். அம்மா சாவுக்கு அவன் வந்தான். வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் பின்னால் நின்றான், வீட்டுக்குள் வரவில்லை. இந்த நிகழ்ச்சிக்காகப் பாலக்கரையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம், எட்டுப் பாட்டையும் வாசித்தோம், அதை மட்டும், அது வேணாம்டா, நேரா மேடைல பாத்துக்கலாம் என்று தனிஸ் தள்ளிவிட்டான். அவனுக்குத் தெரியுமோ. தெரிந்தால் வருவானா. தெரியாததால்தான் வந்திருக்கிறானா.

கதவு திறந்து தனிஸ் உள்ளே வருகிறான். தோளில் ஒரு பை, கையில் குச்சிகள், பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், வந்ததும் முதல் வேலையாக என் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். "எவன்டா போட்டுக் குடுத்தான், சென்டர் தப்பா இருக்கு. தலைவலிக்கல?" வலிக்குது என்கிறேன். "ஊருக்கு வா, நான் போட்டுத் தரேன்." சட்டை நுனியால் துடைத்து என் மூக்கில் அவனே மாட்டிவிடுகிறான். அந்த விரல் என் காதோரம் பட்டதும் எனக்குள் ஏதோ விட்டுப்போகிறது. மேடை முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். முடிந்ததும் என்றால் என்றைக்கும் இல்லை, எனக்கு என்னைத் தெரியும். தனிஸ், உக்காரு என்கிறேன். "உக்காந்துதான வந்தேன் ட்ரெயின்ல, அஞ்சு மணி நேரம்." உக்காருடா. உட்காருகிறான். அந்த லெட்டர் எனக்கு அன்னிக்கே கெடச்சுது என்கிறேன். எந்த லெட்டர் என்று அவன் கேட்கவில்லை. நாலேகாலுக்குக் கெடச்சுது, அம்மா உடனே குடுத்தாங்க, போய்ப் பாருன்னு மூணு தடவ சொன்னாங்க, நான்தான் வரல, மாடில ஒக்காந்து மெட்டுப் போட்டுட்டு இருந்தேன், அக்காகிட்ட அம்மா மேல பழியப் போட்டேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கண்ணாடிகளில் எல்லாம் பல தனிஸ்கள் தலை குனிந்திருக்கிறார்கள்.

அவன் குச்சியின் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "மெட்டு அன்னிக்கே போட்டதா?" என்றான். ஆமா. "அன்னிக்கு சாயங்காலமே?" ஆமாடா. "ம்." வெளியே யாரோ மைக்கில் ஒன் டூ, ஒன் டூ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நீ வராதத நான் எப்பவோ விட்டுட்டேன் லெனினு. இருவது வயசு, நமக்கு என்ன தெரியும். லெட்டர் ஒனக்குக் கெடைக்கலங்கறதாலதான் விட்டேன்னு வை, ஆனா கெடச்சிருந்தாலும் விட்டிருப்பேன்னுதான் நெனக்கிறேன், தெரியல." அடுத்தது வரும்போது அவன் குரல் கீழே இறங்கிவிட்டது. "அம்மாவ ஏன்டா சொன்ன?" நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினேன். "அம்மா என் மூஞ்சியப் பாத்தாங்க அன்னிக்கு. அவங்க ஒருத்தங்கதான் பாத்தாங்க. என்னப்பா ஆச்சு, உள்ள வான்னாங்க, கையப் புடிச்சாங்க. நான் உருவிட்டு வந்தேன். அவங்களா மறந்தாங்கன்னு எனக்கு ஆறவே இல்ல, அவ்ளோ தூரம் பாத்தவங்க எப்படி மறந்தாங்கன்னு. அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல நான். செத்ததுக்கு வந்து மரத்தடியில நின்னுட்டுப் போனேன்டா. மொகத்தக்கூடப் பாக்கல." எழுந்தான். நானும் எழுந்தேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டான்.

பையை எடுத்துக்கொண்டு போனான். குச்சியையும். சும்மா வெளியே நிற்கப் போகிறவன் பையை எடுப்பானா. எழும்பூர் ஸ்டேஷன் இங்கிருந்து நடக்கிற தூரம். அஞ்சு மணி. அஞ்சே கால். ஜன்னல் இடைவெளி வழியாகப் பார்க்கிறேன், வரிசை சுவரைத் தாண்டி வளைந்து போய்விட்டது, கறுப்புச் சட்டைகளுக்கு நடுவே அவனுடைய நீலக்கட்டம் இருக்கிறதா என்று தேடுகிறேன், இல்லை. ஜபருல்லா உள்ளே வந்து, டேய் தனிஸ் எங்க, சவுண்டுக்காரன் டிரம்ஸ் செக் பண்ணணும்ங்கறான் என்கிறான். வருவான் என்கிறேன். ஜபர் என்னை ஒரு முறை பார்த்தான், மூஞ்சி என்னடா இப்படி இருக்கு என்றான், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், நான் தேடிப் போகலாமா என்று எழுந்தபோது மட்டும், அவனா வரட்டும், இரு என்றான். இருந்தேன். இருப்பது எவ்வளவு நீளம். வராதவனுக்காகக் காத்திருப்பவனுக்கு வெளியே கேட்கிற ஒவ்வொரு செருப்புச் சத்தமும் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அக்கா வீட்டு அறையில் உட்கார்ந்து தனிஸ் தெரிந்துகொண்டிருப்பான், நாலேகாலிலிருந்து. ஒரு சத்தம் கதவுவரை வந்து தாண்டிப் போகிறது. இன்னொன்று. அம்மாவின் கை அவன் மணிக்கட்டில். அவன் உருவிக்கொள்கிறான். கையப் புடிச்சாங்க என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் போயிருப்பேனா. போயிருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆறு மணிக்குத் தனிஸ் வந்தான். கண் சிவந்திருந்தது, முகம் கழுவியிருந்தான், காலரெல்லாம் ஈரம். அக்காவுக்கு போன் போட்டேன் என்றான். சொல்லிட்டியா என்றேன். "சொல்லிட்டேன்." என்ன சொன்னாங்க? "அழுவுது. அந்த மனுஷிக்கிட்ட நான் ஒரு வார்த்த பேசாம அனுப்பிட்டேனேன்னு அழுவுது. நீ ஊருக்கு வந்து அதுகிட்ட நேர்ல சொல்லு. போன்ல கீன்ல வேணாம்." வரேன்டா என்றேன். "அடுத்த வாரம்." அடுத்த வாரம் என்றேன். ஜபர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தனிஸ் என் கையிலிருந்த பாட்டு வரிசைத் தாளை வாங்கி, கடைசியில் இருந்த இங்கயேதானை அடித்துவிட்டு, மேலே முதல் பாட்டாக எழுதினான். "இத நீ பாடக் கூடாது. நான் பாடறேன். டிரம்ஸ் வேணாம், நீ கிட்டார் மட்டும் வாசி, மெதுவா வாசி. சனத்தப் பாக்காத. என்னப் பாத்து நில்லு." டேய், நீ மேடைல பாடினதே இல்லையேடா என்றான் ஜபர். "லெட்டர் படிக்கத் தெரியும்ல" என்றான் தனிஸ்.

விளக்கு எரிந்ததும் சத்தம் வந்து முதுகில் மோதியது. அறுநூறு பேர். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்கோ நடுவில் வெயினி இருக்கிறாள், அவளுக்கும் முதுகுதான். தனிஸ் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், குச்சி மடியில் கிடந்தது. நான் வாசிக்க ஆரம்பித்ததும் முதல் சுரத்திலேயே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், கத்தினார்கள், பிறகு பாடுவது நான் இல்லை என்று தெரிந்ததும் மெல்ல அடங்கினார்கள். அவன் குரல் மெட்டில் நிற்கவில்லை. பாதி பேச்சு, பாதி பாட்டு, மூச்சு வாங்கியது, ஒரு சொல்லை முழுங்கினான். தட்டு மட்டும் தனியாகத் தெரிவதைச் சொன்னான். நான் உச்சத்துக்குப் போய்க் கத்துகிற அந்த வரியை அவன் கத்தவில்லை, இருப்பதை இருக்கிறபடி சொல்கிற மாதிரி சொன்னான், என்னைப் பார்த்துச் சொன்னான். பின்னால் அத்தனை பேரும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள், அவன் விட்ட இடத்தையெல்லாம் அவர்கள் பிடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டு முடிகிற இடம் வந்தது, நான் கடைசித் தந்தியைத் தட்டிவிட்டுக் கையை எடுக்கப் போனேன், அவன் நிறுத்தாதே என்று தலையை ஆட்டினான். வாசித்தேன். அவன் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, படிச்சதும் ஒரு எட்டு வந்துட்டுப் போடா லெனினு என்றான்.

கூட்டத்துக்கு அந்த வரி தெரியாது, யாரும் சேர்ந்து பாடவில்லை. கடிதத்தில் அதுதான் கடைசி. அது மெட்டில் உட்காரவில்லை என்று அன்றைக்கு ஏழு மணிவாக்கில் எடுத்துவிட்டேன். பேனாவால் அடிக்கக்கூட இல்லை, வெறுமனே பாடாமல் விட்டேன், விட்டதை மறந்தேன், மறந்துவிட்டேன் என்று இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கை தானாக வாசித்துக்கொண்டிருந்தது. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஆறேழு அடி, தரையில் ஒயர்கள். நான் வாசித்துக்கொண்டே அவற்றைத் தாண்டி, டிரம்ஸைச் சுற்றிக்கொண்டு போய், அவன் ஸ்டூலுக்குப் பக்கத்தில், இடுப்பு அவன் தோளில் இடிக்கிற மாதிரி நின்றேன். தனிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகத்தைப் புறங்கையால் துடைத்தான், மைக்கைத் தள்ளிவைத்தான், மடியிலிருந்து குச்சியை எடுத்தான். "அடுத்தது என்னடா?" என்று கேட்டான்.